இறுக்கிய ஸ்பிரிங்

பஞ்சு அரவை ஆலையின் எஞ்சின் அறைக்குத் தவசி வேலை கற்க வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வயது ஐம்பது. கற்றுக்கொடுக்கும் பிலோமினாவுக்கு முப்பத்தாறு. அதில் அவருக்குக் கூச்சம் ஏதுமில்லை. பயம்தான் இருந்தது, அதுவும் வண்டி வண்டியாக.

முந்தைய ஆலையில் எஞ்சின் வேகம் தறிகெட்டுப் போய், அதன் பெரிய சக்கரம் வெடித்துச் சிதறியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். கூட நின்றவரை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனதையும் பார்த்தவர். இங்கே எஞ்சினுக்கு அந்தப் பக்கம் ஒற்றைச் சுவர். சுவருக்கு அப்பால் அவர் மனைவி முத்துப்பேச்சி அரவை மெஷினில் பஞ்சு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பிலோமினா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். உள்ளே ஒரு மெஷினின் பெல்ட் கழன்றுவிட்டது. பாரம் குறைந்ததும் எஞ்சின் சத்தம் லேசாக ஏறியது.

தவசி எஞ்சினருகே ஓடினார். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எந்த ஸ்பிரிங் என்று அவருக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்து அதன் நட்டை இரண்டு சுற்று இறுக்கினார். சத்தம் இன்னும் ஏறியது. மேலும் இரண்டு சுற்று. தரை அதிர்ந்தது.

“பேச்சி, வெளிய ஓடு!” என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். எஞ்சின் போட்ட கூச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

ஓடிவந்த பிலோமினா ஸ்பேனரைப் பிடுங்கி, நட்டை நான்கு சுற்று தளர்த்தினார். சத்தம் படிப்படியாக இறங்கியது.

“வேகம் கூடுதேன்னு இறுக்கினேன் மேடம்.” என்றார் தவசி.

பிலோமினா அந்த ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த இரண்டு இரும்புக் குண்டுகளைக் காட்டினார்.

“வேகம் கூடினா முதல்ல மிரளுறது இதுங்கதான்ணே. மிரண்டு விரிஞ்சா டீசல் குறையும். வேகம் தானா இறங்கும்.”

“அப்ப ஸ்பிரிங்?”

“விரியவிடாம இழுத்துப் பிடிக்கும். அளவாப் பிடிச்சா எஞ்சின் ஓடும். நீங்க இறுக்கின இறுக்குல இதுங்களால விரியவே முடியல.”

முத்துப்பேச்சி வாசலில் தலையை நீட்டினாள். “என்ன, உங்க எஞ்சின் இந்த ஆட்டம் போடுது?” என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அவள் போன பிறகு தவசிக்கு அழுகை வந்துவிட்டது.

“நாளையிலிருந்து நான் தனியா நிக்கணும் மேடம். இந்தப் பயத்தை எப்படி அடக்குறது?”

பிலோமினா ஸ்பேனரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“இதுங்க மிரளுறதை இப்பத்தானேண்ணே அடக்கிப் பார்த்தீங்க.”