மாடக்கண்ணு கேட்டு வாங்கிய அபராதம்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தென்காசிப் புரோட்டாக்கடை ஆந்திராவில் கிளை திறக்க இருந்தது. தொழில்வரிப் பதிவு வாங்கிவர மாஸ்டர் மாடக்கண்ணு அங்குள்ள வரி ஆபீசுக்குப் போனார். பதிவு இல்லையென்றால் கிளையும் இல்லை, அவர் வேலையும் இல்லை.

“ஆள் வேலை செஞ்சாத்தான் பதிவு,” என்றார் அதிகாரி.

“இன்னைக்கே அடுப்பைப் பத்தவைக்கிறேன் சார்.”

“பதிவில்லாம வேலை செஞ்சா அபராதம்யா.”

மாடக்கண்ணு ஆபீஸ் வாசலிலேயே கல்லைப் போட்டு, புரோட்டா வீசினார். அதிகாரி பாய்ந்து வந்தார்.

“அபராதத்தை எழுதுங்க சார். கட்டாம நகரமாட்டேன்.”

அபராதம் போடக் கம்ப்யூட்டர் கடையின் பதிவு எண்ணைக் கேட்டது. வேறு வழியில்லாமல் அதிகாரியே பதிவு செய்து எண் கொடுத்தார்.

மாடக்கண்ணு கடை முதலாளிக்குப் போன் போட்டார். “அண்ணாச்சி, பதிவு ஆயிருச்சு. மாவைப் பிசையச் சொல்லுங்க.”

நான் சொன்னதாக மூச்சு விடாதீர்கள். அந்தப் புதுக் கிளையில் இப்போது அதே அதிகாரி என் பக்கத்து இலையில்தான் சாப்பிடுகிறார்.