பொருத்தம்: விளக்கம் இல்லை

“டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் மொழிக்குள்ளயே இருக்க உதவிக்குறிப்பு பூரா வறட்டு வார்த்தை” என்றார் குமரகுரு. “எழுதினவனுக்கு மனசே இல்ல. நான் புத்தகம் வாங்கித்தான் படிச்சேன்.”

சலோமி டீச்சர் தலையசைத்தார்.

அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நிரல் எழுதும் மொழியைக் கணினியிடமே கேட்டுக் கேட்டுப் படித்தவர். எந்தக் கட்டளையின் பெயரைத் தட்டினாலும், அதை உண்டாக்கியவர் உள்ளேயே எழுதிவைத்த விளக்கம் வரும். கணினி அதை வாய்விட்டு வாசிக்கும். அவர் கண்ட புத்தகக் கடை அதுதான்.

குமரகுரு அவரைவிட வயதில் மூத்தவர். மாணவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படாதவர். அந்த ஒரு குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஊர் மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு அவர் ஒரு நிரல் எழுதியிருந்தார். திங்கட்கிழமை மஸ்கட் போகிறார். இனி அந்த நிரலைப் பார்த்துக்கொள்ளப் போவது டீச்சர்.

“நான் தேறிட்டேனா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“அவசரத்துக்கு யாருக்கு எந்த ரத்தம் ஏத்தலாம்னு சொல்லுமே, அந்தக் கட்டளை எது அண்ணாச்சி?”

“‘பொருத்தம்’னு பேரு வச்சிருக்கேன்.”

டீச்சர் அந்தப் பெயரைத் தட்டி விளக்கம் கேட்டார்.

“பொருத்தம்” என்றது கணினி. “விளக்கம் இல்லை.”

குமரகுரு பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“சில ஆளுங்களுக்கு அது சொல்றத அப்படியே குடுத்துரக் கூடாது டீச்சர். டாக்டர்ட்ட கேட்டுத்தான் குடுக்கணும். யார் யாருக்குன்னு இதுல குறிச்சிருக்கேன்.”

பையிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி டீச்சர் முன்னால் விரித்து வைத்தார். ஓரம் முழுக்கப் பென்சிலில் பொடி எழுத்து.

டீச்சர் உள்ளங்கையால் அந்தப் பக்கத்தைத் தடவினார். மேலிருந்து கீழ்வரை, நிதானமாக.

“வழவழன்னு இருக்கு” என்றார்.

குமரகுரு பயந்துபோனார். முகம் தெரியாத ஒரு நோயாளி அவர் கண்முன்னே வந்து படுத்துக்கொண்டார்.

புத்தகத்தை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ‘பொருத்தம்’ கட்டளைக்குள்ளேயே விளக்கத்தைத் தட்டத் தொடங்கினார். வறட்டு வார்த்தைகள்தாம். ஒவ்வொன்றையும் கணினி வாசித்தது.

“மெதுவாவே எழுதுங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர். “கேட்டுக்கிட்டு இருக்கேன்.”