நீல அட்டைக் கூண்டு

இன்னாசி தன் ஆசிரியை மரகதவல்லியின் அறைக்குள் ஓடி வந்தான்.

"மேடம், மருந்து வேலை செய்யுது!"

அந்த ஆய்வுக்கூடத்து எலிகளுக்கு ஒரு பரம்பரை நோய் இருந்தது. மனிதரின் பழுதான மரபணு ஒன்றை அவற்றுக்குள் ஏற்றியிருந்தார்கள். மூளையில் ஒரு புரதம் கட்டி கட்டியாகச் சேரும். பிறகு உடம்பு சொன்னபடி கேட்காது. இன்னாசியின் அப்பா அந்த நோயில்தான் செத்தார். இப்போது அக்கா செலஸ்டினுக்கும் வந்திருந்தது. தெருவில் தள்ளாடியவளைக் குடிகாரி என்றது ஊர். சொன்னவர்கள் இன்றுவரை வெட்கப்படவில்லை.

"எப்படிச் சொல்ற?"

"வாலைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை அட்டை தொங்குற கூண்டு எலியெல்லாம் பின்னங்காலை வயித்தோட இறுக்கிக்குது. நீல அட்டை எலி நல்ல எலி மாதிரி விரிக்குது."

"நீலம்தான் மருந்துன்னு யார் சொன்னா?"

தூக்கிப் பார்ப்பவருக்கு அது தெரியக் கூடாது. அங்கே அது சட்டம்.

"யாரும் சொல்லல. முதல் வாரமே நீல அட்டைக் கூண்டுத் தண்ணிக் குப்பியை மோந்து பார்த்தேன். மருந்து வாடை."

"நல்ல மூக்கு. எலியாப் பொறந்திருக்கலாம்."

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். கண்ணால பார்த்ததுக்குத்தான் மதிப்பெண் போட்டேன்."

"உன் மதிப்பெண் ரொம்ப அழகா இருந்துச்சு. அதான் சந்தேகம். இன்னைக்குக் காலையில நீ வர்றதுக்கு முன்னாடி அட்டையை மாத்தி மாட்டினேன். இன்னைக்கு நீலம் தொங்கின கூண்டுல வெறும் தண்ணி."



"நான் பொய் எழுதல மேடம்."

"எழுதல. கட்சிக்காரன் தன் கூட்டத்தைத் தானே எண்ணினா எப்பவும் லட்சம்தான். அவனும் பொய் சொல்றதில்ல. அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

"அப்போ மருந்து?"

"தெரியாது. இத்தனை வாரமா நீ பார்த்தது மருந்தையா அட்டையையான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல்லேருந்து தொடங்கணும்."

அவன் குரல் உயர்ந்தது.

"முதல்லேருந்தா? குட்டி பொறந்து, வளர்ந்து, அதுக்கு நோய் வரணும். அக்காவுக்கு இப்பவே கஞ்சி இறங்கல. ஒரு வாய் முழுங்க உசுரு போயி உசுரு வருது. அதுவரைக்கும் இருப்பாளா?"

மரகதவல்லி எழுந்து கூண்டறைக்குப் போனார். அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பின்னாலேயே வந்து நின்ற இன்னாசியிடம் புதுக் கையுறைகளை நீட்டினார்.

"இருப்பாளான்னு எனக்குத் தெரியாது, இன்னாசி. அவ்வளவு பாடுபட்டு அவ முழுங்குறது மருந்தா இருக்கட்டும். உன் ஆசையா இருக்க வேண்டாம்."