முதுகு காட்டி நின்றவர்

முன்னொரு சமயம், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு பழைய போட்டோக்கள் ஒரே சேலைத் துணியில் சுற்றிக் கிடந்தன. ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வே குடும்பம் சின்னதாய் வீடு கட்டிக் குடிவந்தபோது அவையும் கூடவே வந்தன.

மறுநாள் காலை மாதா கோவில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வேண்டும். அதற்குள் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை மாட்டிவிட நினைத்தாள் வீட்டுக்காரி எமிலி. சுவரில் இருந்ததோ ஒரே ஒரு ஆணி.

ஒரு போட்டோவில் ரயில் கார்டு சூசைநாதன். வெள்ளை யூனிபாரம், தொப்பி, முதுகுக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் வரைந்த அரண்மனை. இன்னொன்றில் தண்டவாளத்தின் மேல், அதைப் பழுதுபார்க்கும் பன்னிரண்டு கேங்மேன்கள். பதினொரு பேர் கடப்பாரையும் சம்மட்டியுமாய் நேரே பார்த்தார்கள். ஓரத்தில் நின்றவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சூசைநாதனின் அண்ணன் சவரிமுத்து. எமிலியின் புருஷனுக்குத் தாத்தா. அவருக்கு வேறு போட்டோ கிடையாது.

"அண்ணன் அப்பவே அப்படித்தான். கேமராவைக் கண்டால் வெட்கம்" என்றது கார்டு போட்டோ.

"எங்க ஆளைப் பத்தித் தெரியாமப் பேசாதீங்க கார்டு ஐயா" என்றார் கேங் போட்டோவின் நடுவில் நின்ற மேஸ்திரி.

"அப்போ அவரே சொல்லட்டுமே. பெட்டிக்குள்ள வந்து எத்தனை வருஷமாச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை பேசினாரா?"

முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

"யாரா இருந்தாலும் எனக்கு ஒரே கனந்தான். சீக்கிரம் வாங்க" என்றது ஆணி.

எமிலி கார்டு போட்டோவை எடுத்து ஆணியில் மாட்டினாள். கேங் போட்டோவைப் பழைய பேப்பர் கட்டின் மேல் வைத்தாள். பதினொரு முகமும் வாடிப்போயின.

வேலை முடிந்து வந்த மகள் ரெஜினா அதைக் கையில் எடுத்தாள். தண்டவாளப் பராமரிப்பு வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது அவளுக்கு.

"இதை ஏம்மா இங்க போட்டே?"

"முதுகுக்கு எப்படிடி மெழுகுவத்தி ஏத்தறது? வெட்கப்பட்டுத் திரும்பிக்கிட்டாராம். உங்க பாட்டி சொல்லுவாங்க."

ரெஜினா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வெட்கமும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. கையில பாரு, சுருட்டின கொடி. லைன்ல ஆளுங்க நிக்கும்போது வண்டி வருதான்னு ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. போன வாரம் நான் நின்னேன். டீ ஆறுதுடி, இந்தப் பக்கம் திரும்புடின்னு கத்தறாங்க. திரும்பலையே."

"அப்போ இந்தப் பதினொரு பேரும்?"

"அவங்க கேமராவைப் பார்த்தாங்க. கொள்ளுத் தாத்தா அவங்களைப் பார்த்துக்கிட்டார்."

எமிலி சேலைத் தலைப்பால் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தாள். முதலில் அந்த முதுகைத் துடைத்தாள்.

சுவரில் கார்டு போட்டோ கூசிப்போனது. "எத்தனை தடவை என் வண்டி அந்த வழியாப் போயிருக்கும். லைன் ஓரமாக் கொடியோட நின்னவர் யாருன்னு நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கலையே" என்றது. பிறகு ஆணியிடம் கெஞ்சியது. "என்னை விட்டுடப்பா."

"விழுந்தா கண்ணாடி நொறுங்கும்" என்றது ஆணி.

"நொறுங்கட்டும்."

ஆணி விடவில்லை. ஆனாலும் கார்டு போட்டோ தன்னால் ஆன மட்டும் ஒரு பக்கமாய்ச் சரிந்தது.

"இதைப் பாருடி, நிக்கவே மாட்டேங்குது" என்று எமிலி அதைக் கழற்றி, கீழே பைபிள் இருந்த பலகையில் சாய்த்து வைத்தாள். ஆணியில் பன்னிரண்டு பேரையும் மாட்டினாள். இரண்டு கையையும் குவித்து, அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரு ஜெபம் சொன்னாள்.

அவள் அடுப்படிக்குப் போன பின், கீழேயிருந்து கார்டு போட்டோ மெல்லக் கேட்டது: "அண்ணே, வண்டி வருதா?"

அன்றைக்குத்தான் சவரிமுத்து முதன்முதலாய் வாய் திறந்தார். அப்போதும் அவர் திரும்பவில்லை.

"இன்னும் இல்லை தம்பி. நீங்க எல்லாரும் நிம்மதியா இருங்க."