ராஜா கையில் ஆறிப்போன சோறு

முன்னொரு காலத்தில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த பவழத்திட்டு என்ற சின்னஞ்சிறு தீவைச் செங்கடம்பன் என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் கிழக்குக் கரையிலிருந்து நடந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேற்குக் கரை வந்துவிடும். அவ்வளவுதான் ராஜ்ஜியம். ராஜா தங்கமான மனிதர். என்ன, தமக்கு ஒரு கஷ்டம் வந்தால் போதும், அது குடிமக்களுக்கு வரக்கூடாதென்று கையோடு ஒரு சட்டம் போட்டுவிடுவார்.

ஒருநாள் அவர் தொண்டையில் மீன்முள் சிக்கியது. "சோற்றுக்கடை வைப்பவர்கள் இனி முள் அதிகாரியிடம் முத்திரை வாங்க வேண்டும்" என்றார். அடுப்புப் புகையில் இரண்டு முறை தும்மினார். புகை அதிகாரி வந்து சேர்ந்தார். இப்படியே ஏழு அதிகாரிகள், ஏழு முத்திரைகள். ஓலையில் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் முத்திரை குத்துவது அந்தத் தீவின் வழக்கம். மண் காய்ந்து உதிர்ந்தால் அனுமதியும் போச்சு. முள் அதிகாரி வடகரையில், அதுவும் கடல் வற்றும் நேரத்தில்தான் உட்காருவார். புகை அதிகாரியோ மலை உச்சியில். ஏழாவது முத்திரை விழுவதற்குள் முதல் முத்திரை பொடியாகிவிடும். ராஜாவுக்கு இது தெரியாது. அவர் எந்தக் காலத்தில் கடை வைத்தார்?

ஒருநாள் செம்பவளம் என்ற பெண் சபைக்கு வந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஐந்து வயது மகள் பூவரசி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு வருஷமா அலையிறேன் மகாராஜா. துறைமுகத்துல ஒரு மீன்சோத்துக் கடை போட அனுமதி கிடைக்கல. நாளை மறுநாள் அக்கரைக்குக் கப்பல் போகுது, உப்பளத்து வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. கடை இல்லேன்னா நான் ஏறித்தான் ஆகணும். பிள்ளைய ஏத்த மாட்டாங்களாம்."

முத்திரை நாயகம் வச்சிரநாதர் எழுந்தார். ஏழு அதிகாரிகளுக்கும் தலைவர் அவர். மந்திரி கொன்றையாரை ராஜா ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் இவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

"சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கண்ணீரா? சுறுசுறுப்பாக நடந்தால் அரை நாள் வேலை, அரசே!"

"அப்படியா?" என்றார் கொன்றையார். "இந்தச் சட்டத்தில் யாருக்காவது விலக்கு உண்டா, நாயகரே?"

"ஒருவருக்கும் கிடையாது! ஊரார் முன்னால் இன்னொருவருக்குச் சோறு போடுகிறவர் யாரானாலும் ஏழு முத்திரை வேண்டும். நம் அரசரே ஆனாலும் சரி!"

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

கொன்றையார் செம்பவளத்தின் பக்கம் குனிந்து, "நாளைக் காலையில் அரசர் பேத்திக்குச் சோறூட்டும் விழா. பிள்ளையோடு வந்துவிடம்மா" என்றார்.

மறுநாள் தீவே அரண்மனை முற்றத்தில் கூடியது. ராஜா பேத்தியை மடியில் வைத்து, நெய் விட்டுப் பிசைந்த சோற்றை விரல் நுனியில் எடுத்தார். குழந்தை வாயைத் திறந்தது.

"நிறுத்துங்கள் அரசே! ஏழு முத்திரை எங்கே?" என்றார் கொன்றையார்.

"கொன்றையாரே, இது என் பேத்தி!"

"நாயகர் சொன்ன சட்டம்தான் அரசே. தாங்களும் பலே என்றீர்கள்."

ராஜா வச்சிரநாதர் பக்கம் திரும்பினார். "நாயகரே, நீரே போய் வாங்கி வாரும். அரை நாள் வேலைதானே?"

வச்சிரநாதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மத்தியானம் ஆயிற்று. குழந்தை தாத்தாவின் கையையே பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கடைசியில் அது தாய்ப்பால் குடித்துவிட்டு ராஜா மடியிலேயே தூங்கிப்போனது. கிண்ணத்துச் சோறும் ஆறிப்போனது.

பொழுது சாயும்போது நாயகர் வந்தார். காலில் ஒற்றைச் செருப்பு. ஓலையை நீட்டினார், நான்கு முத்திரைகளில் இரண்டு உதிர்ந்திருந்தன. "கடல் வற்றவில்லையாம் அரசே... நாளைக்கு வரச் சொல்கிறார்கள்..."

ராஜா ஆறிய சோற்றைப் பார்த்தார். "கையில் சோறு, எதிரே குழந்தை. ஒரு பகல் முழுக்க ஊட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேனே, கொன்றையாரே! நெஞ்சு வலிக்கிறது."

"அந்தப் பெண் மூன்று வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், அரசே."

ராஜா எழுந்து கூட்டத்துக்குள் நடந்து செம்பவளத்தின் முன்னால் போய் நின்றார். "என்னை மன்னித்துவிடு தாயே. ஒவ்வொரு சட்டத்தையும் உங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் போட்டேன். போட்டதோடு சரி, திரும்பிப் பார்க்கவே இல்லை. நாளைக்கே கடையைத் திற. அதிகாரி உன்னைத் தேடி வந்து பார்ப்பார். இனி ஒரே முத்திரை, அதுவும் சூளையில் சுட்ட மண்ணில். உதிராது."

"தேடிப் போகும் அதிகாரி யார், அரசே?" என்று கேட்டார் கொன்றையார்.

"நம் நாயகர்தான். தீவு முழுக்க, கடை கடையாக, நடந்தே போவார். சுறுசுறுப்பாக நடந்தால் அரை நாள் வேலைதானே!"

கூட்டம் சிரித்தது. நாயகர் ஒற்றைச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் கப்பல் செம்பவளம் இல்லாமலே போயிற்று. துறைமுகத்தில் அவள் அடுப்பு புகைந்தது. ராஜா பேத்தியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வந்தார். பேத்திக்கு முதல் சோற்றை ஊட்டினார்; பிறகு தாமும் பாயில் உட்கார்ந்து மீனில் கை வைத்தார்.

"இருங்க தாத்தா, முள்ளு இருக்கும்!"

பூவரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா அவளுக்கு எடுத்துத் தருவதுபோலவே, சின்ன விரல்களால் ஒவ்வொரு முள்ளாக உருவிப்போட்டு, சதையை ராஜாவின் இலையில் வைத்தாள்.

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "கொன்றையாரே, இவளை முள் அதிகாரி ஆக்கிவிடலாமா?"

"வேண்டாம் அரசே. பதவி கொடுத்தால் இவளும் வடகரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இலையை முன்னால் நகர்த்தி, செம்பவளத்திடம், "இன்னும் கொஞ்சம் சோறு போடு தாயே" என்றார்.