பெரிய கேமராவில் விழுந்த முதலாளி

தூத்துக்குடிப் பக்கம் அருணகிரி முதலாளிக்கு ஓர் உப்பளம் இருந்தது. அதைவிடப் பெரிய மீசையும் இருந்தது. கண்காட்சிக்கு அளத்தின் படத்தை அனுப்ப ஆசைப்பட்டு, போட்டோ பிடிக்கும் ரெஜினாளை வரவழைத்தார். அவள் தோளில் ஒரு சின்ன கேமராவும் முக்காலியோடு ஒரு பெரிய பெட்டிக் கேமராவும் கொண்டுவந்தாள்.

"ஆள் அசையுற இடத்துக்குச் சின்னதுதான் சரி முதலாளி. பெரியது நாலு எண்ணுற வரைக்கும் கண்ணை மூடாது. அதுவரைக்கும் எல்லாரும் ஆடாம நிக்கணும்."

"எம் பெருமை அந்தத் தீப்பெட்டிக்குள்ள அடங்குமா? பெரியதுலயே எடு. ஒருத்தனும் வேலையை நிறுத்தக் கூடாது. படம் கெட்டுச்சுன்னா ரெண்டு கேமராவும் எனக்கு!"

ரெஜினாள் பெரிய கேமராவை முக்காலியில் பொருத்தினாள். வெயில் ஏறுமுன், உப்பு வாருகிற நாற்பது பேருக்கு நடுவே முதலாளி நாற்காலி போட்டு அமர்ந்தார். அவள் நாலு எண்ணினாள்.

படம் வந்தது. முதலாளியின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். சுற்றிலும் நாற்பது பேரும் வெறும் புகை.

"எங்க என் ஆளுக? ரெண்டு கேமராவையும் கீழ வை!"

"படம் கெடலையே முதலாளி. அந்த நாலு எண்ணுக்குள்ள வேலை செஞ்சவங்க புகையா விழுந்திருக்காங்க. சும்மா இருந்தவங்க தெளிவா விழுந்திருக்காங்க. இதுல எது தப்புன்னு கண்காட்சியிலேயே கேட்டுருவோமா?"

முதலாளி படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"சின்னதுலயே எடு" என்றவர், இந்த முறை நாற்காலி கேட்கவில்லை. உப்பு வாரும் பலகையைக் கேட்டார்.