நடுப்பகலில் ஒரு மிடறு

தொழுகைக்குமுன் ஊரார் கைகால் கழுவும் ஹவுள் என்னும் தொட்டியில் பாசி வழிப்பதுதான் சேகனா அவர்களின் வேலை. தாமிரபரணிக் கரையிலிருந்த அந்தப் பள்ளிவாசலில், பெரிய மனிதர்கள் வாய் கொப்பளித்துத் துப்பியதையெல்லாம் பிஸ்மி சொல்லி அள்ளிக் கொட்டுவார். பிறகு கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்று தொழுவார். முன்வரிசை யாருக்கு என்பதை ஊரில் சொத்து பார்த்துத் தீர்மானித்திருந்தார்கள்.

தொண்டையில் புற்று வந்தது. கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். புற்று போனது, போகும்போது எச்சிலையும் சிறுநீரகத்தில் பாதியையும் கொண்டுபோனது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும், நோன்பு வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். நோயாளிக்கு அல்லாஹ்வே தந்த சலுகை, எடுத்துக்கொள்ளும் என்றார் இமாம். சேகனா தலையாட்டினார். விவரம் தெரிந்த நாள்முதல் ஒரு நோன்பும் விட்டறியாதவர். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து அழுதார்.

ரமலான் பிறந்தது. மறைவாகத்தான் குடித்தார். ஆனால் ஜமாஅத் தலைவர் அல்ஹாஜ் பாவா சாகிபின் கண்ணுக்கு அது தப்பவில்லை. விடியுமுன் சஹர் உணவை மூக்குமுட்டத் தின்று, பிற்பகல் அஸர் தொழுகைவரை ஏசியில் உறங்கி, மாலையில் நோன்பின் கடுமையைப் பற்றிப் பேசுபவர் அவர்.

"என்னவே சேகனா, விட்டா ஹவுளையே குடிச்சுத் தீத்துருவீரு போலிருக்கே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நோன்பு வைத்த வாய்க்குச் சிரிக்கத் தடையில்லை.

மறுநாள் பகலில் சேகனா தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தொட்டிக்குள்ளேயே சரிந்தார். மிச்சமிருந்த சிறுநீரகமும் பழுதாகிவிட்டது, அதிக நாள் தாங்காது, தொண்டை நனைய அவ்வப்போது ஒரு மிடறு கொடுங்கள் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

ஊருக்கோ பெருமை தாளவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தலைவர் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். புற்றுநோயிலும் நோன்பை விடாத ஈமான்தாரி நம் ஊரில் இருக்கிறார் என்று முழங்கினார். சேகனாவைக் கைத்தாங்கலாக முன்வரிசைக்கு வரவழைத்துப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையில் ஹாஜியாரின் கடைப்பெயர் இருந்தது.

சேகனா மடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பிஸ்மி சொல்லி, அத்தனை பேர் பார்க்க, ஒரு மிடறு குடித்தார்.

"ஹாஜியாரே, அந்த மூணு நோன்பும் ஒங்க சிரிப்புக்குப் பயந்து வச்சது. அதுக்கு அல்லாஹ்ட்ட என்ன பதில் சொல்லப்போறேன்னு தெரியல. இந்தத் தண்ணிதான் அவனுக்குப் பயந்து குடிக்கது."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. தெருவெல்லாம் கேட்டது. ஹாஜியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இமாம் மட்டும் எழுந்து வந்து, "எங்களுக்காவ அல்லாஹ்ட்ட துஆ செய்யும்" என்று அவர்முன் உட்கார்ந்தார்.

பெருநாள் பிறை காணுமுன் சேகனா மறைந்தார். மனைவி உதட்டில் விட்ட ஈரம் காயுமுன் கலிமா சொல்லி முடித்துவிட்டார். குளிப்பாட்டியவர்கள், அப்போதுதான் நோன்பு திறந்தவர் முகம்போல இருந்தது என்றார்கள்.

சுவனத்தில் நோன்பாளிகளுக்கென்றே ரய்யான் என்றொரு வாசல் உண்டு. தாகத்தோடும் தண்ணீரோடும் தன் இறைவனுக்கு அஞ்சிய அந்த நல்லடியாரை அங்கே யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். அந்த வாசலுக்கு நம் ஹாஜியார் தலைவர் அல்ல.